லைசென்ஸ் தேவையில்லாத ஐந்து பேர்

போன வருஷம் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஈஸி சேரில் சாய்ந்தபடி, நெஞ்சில் ஒரு சின்னத் தலையணையை அணைத்துக்கொண்டு (இருமும்போது தையல் இழுக்காமல் இருக்க அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்கள்) திடீரென்று கேட்டார்.

“ஏம்ப்பா, ஹார்ட்ட நிறுத்திட்டுத்தானே ஆபரேஷன் பண்ணாங்க? டாக்டர் தையல் போட்டுட்டு இருந்திருப்பாரு. அந்த நேரத்துல என்னை யாரு உயிரோட வச்சிருந்தது?”

“மெஷின்ப்பா.”

“மெஷின ஓட்டினது யாரு?”

எனக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தேன். சர்ஜன் பெயர் இருந்தது. உதவி சர்ஜன், மயக்க மருந்து நிபுணர் பெயர்கள் இருந்தன. “பைபாஸ் நேரம்: 96 நிமிடம்” என்று ஒரு வரி. அந்த 96 நிமிடமும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெயர் எங்கேயும் இல்லை. எல்லா மருத்துவமனையிலும் சம்மரி இப்படித்தான் எழுதுவார்களோ என்னவோ, குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கேள்வி மனதிலேயே தங்கிவிட்டது.

அந்த வேலை செய்பவருக்கு பெர்ஃப்யூஷனிஸ்ட் என்று பெயர். அப்படித் தேட ஆரம்பித்து, அமெரிக்க மாநிலங்களின் லைசென்ஸ் சட்டங்கள் வரை போய்விட்டேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். யாரோ எழுதிய பழைய நிரல் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் முதலில் பார்ப்பது அதில் விதிவிலக்குகளைக் கையாளும் பகுதியைத்தான். எங்கெங்கே அடி வாங்கினார்கள் என்பது அங்கேதான் எழுதியிருக்கும். சட்டத்தையும் அதே பழக்கத்தில் படித்தேன். “லைசென்ஸ் இல்லாமல் யாரும் இந்த மெஷினைத் தொடக்கூடாது” என்பது ஒரு வரி. “ஆனால் இவர்களுக்கு இது பொருந்தாது” என்று அதற்குக் கீழே வரும் பட்டியலில்தான் இந்தத் தொழிலின் கதை முழுக்க இருக்கிறது.

முதலில், மெஷின் என்ன செய்கிறது?

இதயத்துக்கு வந்து சேரும் ரத்தத்தை ஒரு குழாய் வழியே வெளியே எடுத்து, ஒரு தொட்டியில் சேர்த்து, ஆக்சிஜன் ஏற்றி, கரியமில வாயுவை நீக்கி, தேவையான சூட்டில் திரும்ப உடலுக்குள் அனுப்புவது. இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை இரண்டும் சும்மா இருக்கும்போது இது செய்கிறது. கேட்க எளிது.

ஆனால் ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்டால் உறைய ஆரம்பிக்கும். அதனால் ஹெப்பாரின் கொடுத்து உறையாமல் வைத்திருக்க வேண்டும். மருந்து போதுமா என்று திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். இதயத்தை நிறுத்தி வைக்கும் பொட்டாசியம் கரைசலைக் குறித்த இடைவெளியில் செலுத்த வேண்டும். இதெல்லாவற்றையும்விட, தொட்டியில் ரத்தத்தின் மட்டத்தைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். தொட்டி காலியானால் பம்ப் காற்றைத் தள்ளும். காற்று மூளைக்குப் போனால் அவ்வளவுதான். இன்றைய மெஷின்களில் மட்டம் குறைந்தால் அலாரம் அடிக்கும், பம்ப் நிற்கும். அப்படியும் மெஷின் பக்கத்தில் கையால் சுற்றும் ஒரு கைப்பிடி தயாராக இருக்கும். கரண்டும் போய், பேட்டரியும் கைவிட்டால் ஆள் சுற்ற வேண்டியதுதான்.

ஒரு ஆளின் கவனம் சில நொடி பிசகினால் இன்னொரு ஆளின் உயிர் போகும் வேலை. இதற்கு லைசென்ஸ் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இந்த வேலை பிறந்து நாற்பது வருஷம் ஆகும் வரை அமெரிக்காவில் இதற்கு எங்கேயும் லைசென்ஸ் கிடையாது.

யார் வேண்டுமானாலும் ஓட்டிய காலம்

1930களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர், நுரையீரல் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட ஒரு பெண்மணியின் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். அவர் பிழைக்கவில்லை. ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பிக் கொடுக்க முடிந்தால் இவர் பிழைத்திருப்பாரே என்ற எண்ணம் கிப்பனை அதன்பின் இருபது வருஷத்துக்கு மேல் விடவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குத் துணையாக இருந்தவர் மனைவி மேரி. ஆராய்ச்சிக்கூட டெக்னீஷியனாக இருந்தவர், டாக்டர் அல்ல. பரிசோதனைக்குப் பூனைகள் வேண்டும் என்று, ராத்திரி நேரத்தில் மீன் துண்டும் சாக்குப்பையும் எடுத்துக்கொண்டு பாஸ்டன் தெருக்களில் பூனை பிடித்ததை கிப்பனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1935 வாக்கில் ஒரு பூனையின் இதய வேலையை முழுவதும் மெஷினே செய்து, பூனையும் பிழைத்தது. பிறகு ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர்கள் மெஷினைக் கட்ட உதவினார்கள். (நம்ம ஆட்கள் அப்போதே அங்கே இருந்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.)

1953 மே 6, பிலடெல்பியா. 18 வயதுப் பெண்ணின் இதயத்தில் இருந்த ஓட்டையை கிப்பன் அடைத்தார். 26 நிமிடம் அந்தப் பெண்ணின் உயிர் முழுக்க மெஷின் கையில் இருந்தது. பெண் பிழைத்தார். அடுத்து இதே முறையில் ஆபரேஷன் செய்த குழந்தைகள் இறந்தார்கள். கிப்பன் மனம் உடைந்து அந்த ஆபரேஷனையே விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லிஹை வேறு வழி பிடித்தார். மெஷினுக்குப் பதில் மனிதர். 1954 மார்ச் 26 அன்று ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தை அதன் அப்பாவின் உடலோடு குழாயால் இணைத்து, அப்பாவின் இதயமும் நுரையீரலும் இருவருக்கும் வேலை செய்யும்படி வைத்து ஆபரேஷன் செய்தார். இடையில் ஒரே ஒரு பம்ப், உணவுத் தொழிலில் பயன்படும் வகை. அந்தக் குழந்தை 11 நாள் கழித்து நிமோனியாவில் இறந்தது. ஆனால் முறை வேலை செய்தது. இப்படி 45 பேருக்குச் செய்தார்கள், 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். ரத்தம் கொடுக்கப் படுத்த ஒரு அம்மாவுக்கு மட்டும் குழாய் வழியே காற்று புகுந்து மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. மேலே சொன்னேனே, அதே காற்றுதான். 

அந்த ஆபரேஷன்களில் பம்ப்பைக் கவனித்துக்கொண்ட ரிச்சர்ட் டிவால் ஒரு சாதாரணப் பொது மருத்துவர். ஆராய்ச்சி ஆசையில் லில்லிஹையிடம் வந்து சேர்ந்தவர். ரத்தத்துக்குள் ஆக்சிஜன் குமிழிகளை விட்டு, பிறகு அந்தக் குமிழிகளை நீக்கும் ஒரு எளிய கருவியை அவர்தான் செய்தார். 1955 மே மாதம் அது முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. விலை மலிவு, செய்வது சுலபம். அமெரிக்கா முழுக்க இதய ஆபரேஷன் பரவ இது பெரிய காரணம்.

பரவியதும் ஒரு கேள்வி வந்தது: மெஷினை யார் ஓட்டுவது? பதில்: யார் கற்றுக்கொண்டார்களோ அவர்கள். ஆராய்ச்சிக்கூட டெக்னீஷியன், நர்ஸ், பயிற்சி டாக்டர், நாய்களை வைத்துப் பரிசோதனை நடந்தபோது கூட நின்று பழகியவர். படிப்பு கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. பக்கத்தில் நின்று பார், பிறகு நீ ஓட்டு. நம்ம ஊரில் லாரிக்குக் கிளீனராகப் போய் டிரைவர் ஆவது மாதிரிதான்.

1964ல் இவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். 1970களில் தேர்வும் சான்றிதழும் வந்தன, 1975ல் அதற்கென்று தனி வாரியம் அமைந்தது. ஆனால் சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. சான்றிதழ் இருந்தால் “இவருக்குத் தெரியும்” என்று அர்த்தம். லைசென்ஸ் வந்தால் “இது இல்லாதவர் தொட்டால் குற்றம்” என்று அர்த்தம். பெர்ஃப்யூஷனிஸ்ட்டுகளுக்குத் தேசிய அளவில் லைசென்ஸ் அங்கே இல்லை, அது மாநிலங்களின் கையில். டெக்சஸ் 1993ல் சட்டம் போட்டது. ஒக்லஹோமா, மிசௌரி என்று அடுத்தடுத்துப் போட்டன. எல்லா மாநிலங்களும் இன்றுவரை போடவில்லை. கலிஃபோர்னியா வேறு மாதிரி யோசித்தது. வேலையை அது பூட்டவில்லை, பெயரை மட்டும் பூட்டியது. தகுதி இல்லாதவர் தன்னைப் பெர்ஃப்யூஷனிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அவ்வளவே.

சட்டம் போட்ட மாநிலங்களில் எல்லாம் விதிவிலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது. வார்த்தைகள் கொஞ்சம் மாறும், ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

ஒன்று: ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவர்

லைசென்ஸ் சட்டம் வந்த அன்று காலையில் இருபது வருஷமாக மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவரை என்ன செய்வது? அவர் படித்த காலத்தில் இதற்குக் கல்லூரியே இல்லை. அவரிடம் கற்றவர்கள்தான் இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள். அதனால், சட்டம் வருவதற்கு முன்பே குறிப்பிட்ட வருஷங்கள் இதையே முக்கிய வேலையாகச் செய்தவருக்குத் தேர்வு இல்லாமல் லைசென்ஸ் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இதைத் “தாத்தா விதி” என்ற அர்த்தம் வரும் பெயரால் சொல்வார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு அசிங்கமான கதை இருக்கிறது. அடிமை முறை ஒழிந்து கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை வந்தபின், தென் மாநிலங்கள் அதைப் பறிக்க எழுத்தறிவுத் தேர்வு வைத்தன. ஆனால் படிக்காத வெள்ளையர்களும் தேர்வில் மாட்டிக்கொள்வார்களே? 1898ல் லூசியானா ஒரு வழி கண்டுபிடித்தது. 1867 ஜனவரி 1க்கு முன் உன் அப்பாவோ தாத்தாவோ ஓட்டுப் போடும் உரிமை பெற்றிருந்தால் உனக்குத் தேர்வு வேண்டாம். கறுப்பினத்தவரின் தாத்தாக்கள் அப்போது எப்படி ஓட்டுப் போட்டிருக்க முடியும்? ஒக்லஹோமாவும் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. 1915ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. அதே ஒக்லஹோமாவில் எண்பது வருஷம் கழித்து, பழைய பெர்ஃப்யூஷனிஸ்ட்டுகளுக்காக எழுதிய சலுகையையும் பேச்சுவழக்கில் அதே பெயரால்தான் சொல்கிறார்கள்.

தொழில் லைசென்ஸில் இந்தச் சலுகை அதைவிடப் பழையது. 1880களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் டாக்டர்களுக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கியது. மூன்று வழி கொடுத்தார்கள். மதிப்புள்ள மருத்துவக் கல்லூரியின் பட்டம், அல்லது வாரியம் வைக்கும் தேர்வு, அல்லது 1881 மார்ச் 8க்கு முன் அதே மாநிலத்தில் தொடர்ந்து பத்து வருஷம் வைத்தியம் பார்த்திருப்பது. ஃபிராங்க் டென்ட் என்பவர் மூலிகை மருந்துகளை அதிகம் பயன்படுத்தும் பிரிவைச் சேர்ந்த வைத்தியர். 1876 முதல்தான் பார்த்துவந்தார். பத்து வருஷம் ஆகவில்லை. கையில் இருந்த பட்டமும் செல்லாது என்று வாரியம் சொல்லிவிட்டது. தொடர்ந்து வைத்தியம் பார்த்ததற்கு 50 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1889ல் நீதிபதிகள் ஒருமனதாக மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். விரும்பிய தொழிலைச் செய்ய எல்லாருக்கும் உரிமை உண்டு, ஆனால் அறியாமையிலிருந்தும் ஏமாற்றிலிருந்தும் மக்களைக் காக்க அரசு தகுதி கேட்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். இன்றுவரை அமெரிக்காவில் தொழில் லைசென்ஸ் சட்டங்களுக்கு அஸ்திவாரம் இந்த வழக்குதான்.

எனக்கு உறுத்துவது அந்தப் பத்து வருஷம். பதினோரு வருஷம் தப்பும் தவறுமாக வைத்தியம் பார்த்தவர் தொடரலாம், ஐந்து வருஷம் நன்றாகப் பார்த்தவர் தேர்வு எழுத வேண்டும். நியாயமா? இல்லைதான். ஆனால் கோட்டை எங்கேயாவது போட்டாக வேண்டும். பெர்ஃப்யூஷனிஸ்ட் சட்டங்களில் இந்தக் கதவு கொஞ்ச காலம்தான் திறந்திருந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பிக்காவிட்டால் முடிந்தது. அப்படி உள்ளே வந்தவர்களும் லைசென்ஸ் வாங்கி, அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சலுகை தேர்விலிருந்து மட்டும்தான். ஓட்டுரிமைத் தாத்தா விதி நீ யாருக்குப் பிறந்தாய் என்று கேட்டது. இது நீ என்ன செய்தாய் என்று கேட்டது. பெயர் ஒன்றானாலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டு: மாணவர்

இது சின்னது, ஆனால் இல்லாவிட்டால் தொழிலே செத்துவிடும். லைசென்ஸ் இல்லாமல் தொடக்கூடாது, தொடாமல் லைசென்ஸ் வாங்க முடியாது. எங்கள் துறையில் இதற்குப் பெயர் டெட்லாக். இரண்டு நிரல்கள் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு இரண்டுமே நின்றுபோவது. சட்டம் இதை ஒரே வரியில் அவிழ்க்கிறது: அங்கீகாரம் பெற்ற படிப்பில் இருக்கும் மாணவர், லைசென்ஸ் உள்ள பெர்ஃப்யூஷனிஸ்ட்டின் நேரடி மேற்பார்வையில் செய்யலாம். “நேரடி” என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு தடவை கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்ப வருவேன்.

மூன்று: பக்கத்துத் தொழில்காரர்

வேறு லைசென்ஸ் வைத்திருப்பவர், தன் லைசென்ஸ் அனுமதிக்கும் எல்லைக்குள் செய்யும் வேலை. முதலில் டாக்டர். மெஷினைக் கண்டுபிடித்தவர்களே டாக்டர்கள்தானே, அவர்களைத் தொடாதே என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது ரத்தச் சேமிப்பு. ஆபரேஷனில் சிந்தும் ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, சிவப்பணுக்களை மட்டும் அதே நோயாளிக்குத் திருப்பி ஏற்றும் கருவி இருக்கிறது. இதய ஆபரேஷனில் அதைப் பெர்ஃப்யூஷனிஸ்ட் ஓட்டுவார். ஆனால் முதுகெலும்பு, இடுப்பு ஆபரேஷன்களிலும் அது பயன்படும். அங்கே நர்ஸோ டெக்னீஷியனோ ஓட்டுவார்கள். அதற்கெல்லாம் பெர்ஃப்யூஷனிஸ்ட் லைசென்ஸ் கேட்டால் பாதி ஆபரேஷன்கள் நின்றுபோகும். அதனால் டாக்டர் மேற்பார்வையில் இதைச் செய்பவருக்கு விலக்கு.

உண்மையான இழுபறி எக்மோவில்தான். பைபாஸ் மெஷினின் தம்பி என்று சொல்லலாம். ஆபரேஷன் தியேட்டரில் சில மணி நேரம் ஓடுவதற்குப் பதில், ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஓடும். 1975ல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் இதை வைத்து ஒரு பச்சிளம் குழந்தையைக் காப்பாற்றினார். குழந்தைக்கு நர்ஸ்கள் வைத்த பெயர் எஸ்பெரான்சா. ஸ்பானிஷில் நம்பிக்கை என்று அர்த்தம். கோவிட் காலத்தில் இந்த மெஷினின் பெயர் நம்ம வீட்டுப் பாட்டிகளுக்கே பழகிவிட்டது.

சர்க்யூட்டைப் பார்த்தால் அதே பம்ப், அதே ஆக்சிஜனேட்டர், அதே ஹெப்பாரின். அப்போது பெர்ஃப்யூஷனிஸ்ட் லைசென்ஸ் வேண்டும் அல்லவா? ஆனால் மூன்று வாரம் ஓடும் மெஷின் பக்கத்தில் 24 மணி நேரமும் உட்கார அத்தனை பெர்ஃப்யூஷனிஸ்ட்டுகளுக்கு எங்கே போவது? நடைமுறையில் தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ்களும் சுவாச சிகிச்சையாளர்களும்தான் பெரும்பாலான இடங்களில் பக்கத்தில் இருக்கிறார்கள். “எங்கள் வேலையில் கை வைக்கிறார்கள்” என்று ஒரு தரப்பு, “நோயாளியை நாள் முழுக்கப் பார்ப்பது நாங்கள்தான்” என்று இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது.

இங்கேதான் பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன் ஞாபகம் வருகிறார். லைசென்ஸ் என்பது மக்களைக் காப்பதற்கு என்று சொல்லிக் கொண்டுவரப்படும், ஆனால் கேட்பவர்கள் யார் என்று பாருங்கள், அந்தத் தொழிலில் இருப்பவர்களே. போட்டியைக் குறைப்பதுதான் பலன் என்று 1962லேயே எழுதினார். அமெரிக்காவில் 1950களில் 20 பேரில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்குத்தான் வேலை செய்ய மாநில லைசென்ஸ் தேவைப்பட்டது. இன்று ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தேவை. முடி பின்னிவிடுபவருக்குக்கூடக் கேட்ட மாநிலங்கள் உண்டு. அதை வைத்துப் பார்த்தால் விதிவிலக்குப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு பேரம். எந்தத் தொழில் எந்தத் தொழிலோடு மோதியது, யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்பதன் பதிவு.

நான்கு: மத்திய அரசு ஊழியர்

இதைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. முன்னாள் ராணுவத்தினருக்கான மத்திய அரசு மருத்துவமனைகள் அமெரிக்கா முழுக்க இருக்கின்றன. மாநில எல்லைக்குள்ளேயே இருந்தாலும், மத்திய அரசுப் பணியாக மெஷின் ஓட்டுபவருக்கு அந்த மாநில லைசென்ஸ் வேண்டாம் என்று சட்டங்கள் விலக்கு கொடுக்கின்றன. ஏன்?

காரணம் ஒரு தபால் வண்டி. மேரிலாந்து மாநிலத்தில் தபால் துறை டிரைவர் ஒருவரை, மாநில டிரைவிங் லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினார் என்று பிடித்தார்கள். 1920ல் உச்ச நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். இந்த ஆள் போதும் என்று மத்திய அரசு முடிவு செய்தபிறகு, கூடுதலாக இன்னொரு தகுதியும் வேண்டும் என்று ஒரு மாநிலம் குறுக்கே நிற்க முடியாது என்பது வாதம். தபால் மூட்டைக்காக எழுதிய தீர்ப்பின் நிழல், நின்றுபோன இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷின் வரை நீள்கிறது. சட்ட வரலாறு இப்படித்தான், சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வரும்.

ஐந்து: நெருக்கடியில் வந்தவர்

2020 மார்ச்சுக்குப் பிறகு அமெரிக்காவின் பல மாநில ஆளுநர்கள் ஒரு கையெழுத்தில் லைசென்ஸ் விதிகளைத் தளர்த்தினார்கள். பக்கத்து மாநில லைசென்ஸ் உள்ள டாக்டர்களும் நர்ஸ்களும் வந்து வேலை செய்யலாம், ஓய்வு பெற்றவர்கள் திரும்பலாம். சாதாரண நாளில் மாதக்கணக்கில் இழுக்கும் காகித வேலை ஒரே நாளில் காணாமல் போனது. அப்போது பலர் கேட்டார்கள்: நெருக்கடியில் தேவைப்படாத விதி, மற்ற நாளில் மட்டும் எதற்கு?

நல்ல கேள்விதான். ஆனால் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் தளர்ந்தது எல்லைக்கோடு, தகுதி அல்ல. ஏதோ ஒரு மாநிலம் சோதித்து “சரி” என்று சொன்ன ஆளைத்தான் அழைத்தார்கள். அதற்கும் முடிவுத் தேதி வைத்தார்கள். எங்கள் வேலையிலும் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால், வழக்கமான அனுமதிகளைத் தாண்டி ஒருவருக்கு முழு அதிகாரம் கொடுப்போம். காலையில் அதைத் திரும்ப வாங்கிவிடுவோம். வாங்க மறந்துபோன இடங்களில்தான் அடுத்த வருஷம் விபத்து நடக்கும்.

நம் ஊரில்

இந்தியாவில் நிலைமை தலைகீழ். இதய ஆபரேஷன் இங்கே வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதற்கென்றே பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது. ஆனால் டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருப்பது போல, பெர்ஃப்யூஷனிஸ்ட்டைப் பதிவு செய்ய மத்தியச் சட்டம் எதுவும் இல்லாமலே இருந்தது. 2021ல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் அட்டவணையில் உள்ள தொழில்களில் பெர்ஃப்யூஷனிஸ்ட்டும் ஒன்று. அதாவது டெக்சஸ் 1993ல் நின்ற இடத்துக்கு நாம் இப்போதுதான் வந்திருக்கிறோம். அவர்கள் பதில் தேடிய கேள்விகள் எல்லாம் இனி இங்கேயும் வரும். முதல் கேள்வியே, தியேட்டரில் கூட நின்று கற்றுக்கொண்டு இருபது வருஷமாக ஓட்டும் அண்ணன் யார், அவரை என்ன செய்வது என்பதாகத்தான் இருக்கும்.

மேற்பார்வை யாருடையது?

ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. மாணவருக்குப் பின்னால் அவருடைய மேற்பார்வையாளர் இருக்கிறார். ரத்தச் சேமிப்புக் கருவி ஓட்டுபவருக்குப் பின்னால் டாக்டர். பக்கத்துத் தொழில்காரருக்குப் பின்னால் அவருடைய சொந்த லைசென்ஸ், தப்பு செய்தால் அது போகும். மத்திய அரசு ஊழியருக்குப் பின்னால் அரசு. பழைய ஆளுக்கு அவர் கையில் புதிதாகக் கொடுத்த லைசென்ஸ். நெருக்கடியில் வந்தவருக்கு அவர் சொந்த மாநிலம். லைசென்ஸிலிருந்து விலக்கு கிடைத்த ஒருவருக்குக்கூட பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து விலக்கு கிடைக்கவில்லை. ஒரு விதிவிலக்கு நல்லதா கெட்டதா என்று பார்க்க எனக்கு இப்போது ஒரு கேள்வி போதும்: இந்த ஆள் தப்பு செய்தால் யாரைக் கேட்பது என்று அந்த வரியிலேயே எழுதியிருக்கிறதா? ஓட்டுரிமைத் தாத்தா விதியில் அப்படி எதுவும் இல்லை. அது சலுகை மட்டும்தான்.

மூன்று மாதம் கழித்து செக்கப்புக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு போனபோது கவுன்ட்டரில் கேட்டேன். “பெர்ஃப்யூஷனிஸ்ட்டா? எதுக்கு சார், ஏதாவது பிரச்னையா?” என்று அந்தப் பெண் பதறிவிட்டார். ஒன்றுமில்லை, நன்றி சொல்லத்தான் என்றேன். ஆபரேஷன் பதிவேட்டில் பெயர் இருக்கும் என்று சொல்லி, இரண்டு ஃபோன் போட்டுக் கண்டுபிடித்தார். அரை மணி நேரம் கழித்து, தியேட்டர் பச்சை உடையிலேயே ஒருவர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. அப்பா எழுந்து நிற்கப் போனார். அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

“நீங்கதானா தம்பி? 96 நிமிஷம்?”

“ஆமாங்க ஐயா.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், “கடைசி பத்து நிமிஷம் ஒரு ஸ்டூடன்ட் பார்த்தான். நான் பக்கத்துலயேதான் நின்னேன்.”

நேரடி மேற்பார்வை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு ஏன் என்று புரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்தப் பையன் பேரையும் கேட்டிருக்கலாம்ல?” என்றார்.